பாலில் கலப்படமா, புண்ணாக்கில் பூசணமா?

வடவள்ளி வாசி | திங்கள், காலை 9.40

எங்கள் வீட்டுக்குப் பத்து வருஷமாக ஒரே பால்காரர்தான். நரசீபுரம் பக்கம் நாலு மாடு வைத்திருக்கிறார். போன வாரம் சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் தூக்குவாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமா இந்தப் பாலை வாங்கறே? யூரியா, சோப்புத்தூள் எல்லாம் கலக்கறாங்களாம்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டர் வாங்கி மிதக்கவிட்டேன். மாவு கலந்திருக்கிறதா என்று ஆறிய பாலில் அயோடின் சொட்டுவிட்டேன், நீலமாகவில்லை. பத்து வருஷம் பழகிய மனுஷனைத் திருடன் மாதிரி சோதிக்கிறோமே என்று கூச்சமாகவும் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

இன்னொரு பஞ்சாயத்து. ஜிம்முக்குப் போகும் என் மகன், காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும் என்று காலையில் பச்சைப் பாலாகவே ஒரு டம்ளர் குடிக்கிறான். சொன்னால் கேட்பதில்லை. குடிக்கலாமா?

மரபு வழி | திங்கள், காலை 10.15

தாராளமாகக் குடிக்கலாம். கறந்த சூட்டோடு குடிக்கும் பாலுக்கு ஈடு கிடையாது. என் தாத்தா அப்படித்தான் குடித்தார், 92 வயது வரை கண்ணாடி போடவில்லை. பச்சைப் பாலைப் பற்றிய பயமெல்லாம் பாக்கெட் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டது.

மாட்டு டாக்டர் | திங்கள், மதியம் 1.05

30 வருஷம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் நம் ஊரில் பச்சைப் பால் குடிப்பது எப்போது மரபாக இருந்தது? புது வீட்டுக்குள் போனால் முதல் வேலையே பால் காய்ச்சுவதுதானே. பொங்கி வழிந்தால் குலவை போடுகிற ஜனம் நாம். காய்ச்சாமல் குடிப்பது இணையத்தில் வந்த புது மோகம்.

கன்று வீச்சு நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். சினை மாடு அஞ்சு மாசத்துக்கு மேல் திடீரென்று கன்றை வீசிவிடும். புருசெல்லா என்ற கிருமி. மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தீனி எடுக்கும், கறக்கும். பாலில் மட்டும் கிருமி வந்துகொண்டிருக்கும். நாட்டு மாடா, ஜெர்சியா என்று அந்தக் கிருமி பார்ப்பதில்லை. காசநோயின் மாட்டு வகையும் பால் வழியாக வரும். இரண்டுக்கும் வைத்தியம் நம் அடுப்பிலேயே இருக்கிறது. பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி வைக்கிறார்கள், அதிலேயே இவை சாகும். நீங்கள் பொங்க விடுகிறீர்கள், அது அதற்கும் மேலே. தம்பியிடம் புரதம் எங்கேயும் போகாது என்று சொல்லுங்கள்.

தேனிக்காரி | திங்கள், மதியம் 2.30

டாக்டர் சொல்றது எங்க வீட்டுக் கதை. அப்பா பால் குடிக்கவே மாட்டார், டீ மட்டுந்தான். ஆனா மாடு கன்று வீசினப்போ நஞ்சுக்கொடியை வெறுங்கையால எடுத்துப் போட்டது அவர்தான். ரெண்டு மாசம் கழிச்சு சாயங்காலம் ஆனா காய்ச்சல், ராத்திரி வேட்டி நனையற அளவுக்கு வேர்வை, இடுப்பு வலி. ஒரு ஆஸ்பத்திரியில டைபாய்டுன்னாங்க, இன்னொண்ணுல முதுகெலும்புக்கு ஸ்கேன் எடுத்தாங்க. மூணு மாசம் ஓடிருச்சு. கடைசியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் "வீட்டுல மாடு இருக்கா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு அப்புறந்தான் சரியான ரத்தப் பரிசோதனை. ஆறு வாரம் ரெண்டு வகை மாத்திரை. இப்ப நல்லா இருக்கார், மாட்டை மட்டும் தொடமாட்டேங்கிறார்.

மாட்டு டாக்டர் | திங்கள், மதியம் 2.55

அம்மா, இதை எழுதினதுக்கு நன்றி. நீண்ட நாள் காய்ச்சலோடு போகிற எல்லாரும் மாடு, ஆடு வைத்திருப்பதை டாக்டர் கேட்கும்முன் தாங்களே சொல்லிவிட வேண்டும். கையுறை இல்லையென்றால் கையில் பாலித்தீன் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். கிடேரிக் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாசத்துக்குள் ஒரே ஊசி போட்டால் இந்த நோய் வராமல் தடுக்கலாம். 2019-லிருந்து மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதுவும் இலவசம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. அது உயிருள்ள கிருமி மருந்து, போடுகிறவர் கையில் குத்திக்கொண்டால் அவருக்கே காய்ச்சல் வரும். கடையில் வாங்கி நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள்.

வடவள்ளி அம்மாவின் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. அது பெரிசு, ராத்திரி எழுதுகிறேன்.

டெஸ்டர் | திங்கள், மாலை 6.20

டாக்டர் வருவதற்குள் நான் ரெண்டு வார்த்தை. பால் சொசைட்டியில் 20 வருஷம் டெஸ்டர் வேலை. தண்ணி ஊத்தினவங்களைப் பிடிச்சிருக்கேன், அது நிறைய. கோடைக்காலத்துல பால் திரியாம இருக்க சோடாப்பு போட்டவரும் உண்டு. நாலு மாட்டுக்காரர் யூரியா கலந்து நான் பார்த்ததில்லை. நாங்க பார்க்கறது கொழுப்பும் இதர சத்தும் மட்டும். விலை அதை வெச்சுத்தான். மாடு என்ன தின்னுச்சு, என்ன ஊசி போட்டாங்கன்னு எங்க மிஷின் சொல்லாது.

மாட்டு டாக்டர் | திங்கள், இரவு 9.30

டெஸ்டர் ஐயா கடைசியில் சொன்னதுதான் விஷயமே.

2018-ல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய பால் ஆய்வு நடத்தியது. 1,103 ஊர்கள், 6,432 மாதிரிகள். ஊற்றுப் பால், பாக்கெட் பால் இரண்டும். அத்தனையிலும் ஆபத்தான கலப்படம் எத்தனையில் தெரியுமா? 12. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறு, சோப்பு மூன்று, யூரியா இரண்டு, காரம் ஒன்று. நாத்தனாருக்கு இதைச் சொல்லுங்கள்.

அதே ஆய்வில் 368 மாதிரிகளில் வேறொன்று அளவுக்கு மேல் இருந்தது. அஃப்ளடாக்சின் எம்1. அதில் முதலிடம் யாருக்கு என்றால் நமக்குத்தான். தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. அடுத்து டெல்லி, கேரளா.

இது யாரும் கலக்குவதில்லை, மாடு தின்பதிலிருந்து வருகிறது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் இவை ஈரம் பட்டால் ஒரு பச்சை மஞ்சள் பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் விஷம் அஃப்ளடாக்சின். மாட்டின் ஈரல் அதைக் கொஞ்சம் மாற்றிப் பாலில் விடும். தின்ற ஒரே நாளில் பாலில் தெரியும். தீனியை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் போய்விடும்.

இதில் கெட்ட செய்தி இரண்டு. ஒன்று, காய்ச்சினாலும் சாகாது, ஏனென்றால் அது கிருமியே இல்லை. பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், பனீர் போட்டால் அதில் இன்னும் செறிவாகும், நெய்க்கு அதிகம் போகாது. இரண்டு, அந்த ஆய்வில் ஊற்றுப் பாலை விடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தக் கோளாறு அதிகம் இருந்தது. பாக்கெட்டுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வடவள்ளி வாசி | திங்கள், இரவு 9.52

டாக்டர், தூக்கமே போச்சு. இதனால் என்ன வரும்?

மாட்டு டாக்டர் | திங்கள், இரவு 10.20

தூங்குங்கள் அம்மா. ஒரு டம்ளரில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். மஞ்சள் காமாலை பி வகை ஏற்கெனவே இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. பாலே பிரதான உணவான குழந்தைகளை நினைத்துத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

மரபு வழி | செவ்வாய், காலை 7.10

இதெல்லாம் வெள்ளைக்காரன் அளவுகோல். அவன் நாட்டுச் சாமான் விற்க நம் பாலைக் குறை சொல்வான். நம் முன்னோர் புண்ணாக்கு போடவில்லையா?

நைரோபித் தமிழன் | செவ்வாய், காலை 8.45

நண்பரே, இது நம்மைப் போன்ற நாடுகளில்தான் ஆளைக் கொன்றிருக்கிறது. நான் கென்யாவில் தீவன மில் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 2004-ல் இங்கே கிழக்குப் பகுதியில், மகுவேனி, கிட்டுய் மாவட்டங்களில், ஈரத்தோடு வீட்டுக்குள் சேமித்த மக்காச்சோளத்தைத் தின்று 317 பேர் விழுந்தார்கள். 125 பேர் இறந்தார்கள். அறுவடை சமயம் பார்த்து மழை. திருட்டுக்குப் பயந்து காயாத கதிரை வீட்டுக்குள் அடுக்கினார்கள்.

நம் நாட்டிலும் 1974-ல் ராஜஸ்தான் பான்ஸ்வாடா, குஜராத் பஞ்சமகால் பக்கம் ஆதிவாசி கிராமங்களில் இதே கதை, இதே மக்காச்சோளம். 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளின் நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன.

வெள்ளைக்காரனுக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வைத்ததுதான்.

கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 11.00

டாக்டர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன், தப்பிருந்தால் திருத்தவும். மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை விடலாம் என்கிறது இந்தியத் தர அளவு. மாடு தினம் 5 கிலோ அடர்தீவனம் தின்றால் 100 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பாலில் வருகிறது என்று வைத்தால் 2 மைக்ரோகிராம். 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.2. பாலுக்கு நம் நாட்டு வரம்பு 0.5, ஆகப் பாஸ். அதே தீவனத்தில் பூசணம் பிடித்து 20 என்பது 100 ஆனால் பால் லிட்டருக்கு 1. வரம்பைப் போல இரண்டு மடங்கு, ஃபெயில். ஐரோப்பாவின் வரம்பு 0.05 என்று படித்தேன். அங்கே நம் பாஸ் பாலும் ஃபெயில்.

மாட்டு டாக்டர் | செவ்வாய், காலை 11.40

கணக்கு சரி வாத்தியாரே. அந்த இரண்டு சதவீதம் மட்டும் மாட்டுக்கு மாடு மாறும். நிறையக் கறக்கும் கலப்பின மாட்டில் ஆறு வரைகூடப் போகும்.

பட்டிக்காரன் | செவ்வாய், இரவு 8.15

எல்லாரும் பேசியாச்சுங்களா? இப்ப மாடு வெச்சிருக்கறவன் பேசறேனுங்க. காங்கேயம் பக்கம், ஆறு உருப்படி.

புண்ணாக்கு மூட்டை வாங்கறப்பவே உள்ளே எப்படி இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. தையலைப் பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்ச மூட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். ஐப்பசியில நாலு நாள் அடைமழை புடிச்சா சாளையில எங்க வெக்கறது? கட்டித்தரையிலதான். வைக்கப்போர் மேல தார்ப்பாய் போட்டாலும் அடியில சொதசொதன்னு போயிருது. மேலாப்புல வெள்ளையா இருந்தா கையால தட்டிட்டு ஊறப்போட்டு வெச்சிருவோம். தப்புன்னு இன்னிக்குத்தான் தெரியுது. ஆனா அந்த மூட்டையைக் கொட்டினா ஒரு வாரப் பால் காசு போச்சு. அதை யார் குடுப்பாங்க? சொசைட்டியில கொழுப்புக்குக் காசு, பூசணம் இல்லாததுக்குக் காசு கிடையாது. பூசணத்தைப் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஒரே ரேட்டுங்க.

டெஸ்டர் | செவ்வாய், இரவு 8.40

கேட்கவே கஷ்டமா இருந்தாலும் அவர் சொல்றது நூத்துக்கு நூறு. எம்1 பார்க்கற பட்டை வந்திருக்கு, ஆனா கிராமத்துச் சொசைட்டியில தினம் போட்டுப் பார்க்கக் கட்டுப்படியாகாது. பெரிய பண்ணையில டேங்கர் வர்றப்போ பார்ப்பாங்க. டேங்கர்ல பல ஊர்ப் பால் கலந்திருக்கும். ஃபெயில் ஆனா யார் மாடுன்னு எங்கே தேடுவீங்க? பிடிக்கறதா இருந்தா எண்ணெய் மில்லுலயும் தீவன மில்லுலயுந்தான் பிடிக்கணும். மூட்டை அங்கிருந்து வெளியே வந்த பிறகு கடைசியில மாட்டிக்கறது ஆறு மாட்டுக்காரர்தான்.

மாட்டு டாக்டர் | செவ்வாய், இரவு 9.25

பட்டிக்காரர் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். நஷ்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று மட்டும் சொல்கிறேன். பூசணத் தீனி தின்ற மாட்டுக்கு ஈரல் அடிபடும். பால் குறையும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். "ஏனுங்க டாக்டர், நாலு ஊசி போட்டும் சினை நிக்கலை" என்று வருகிறவர்களிடம் நான் தீவன மூட்டையைத்தான் முதலில் காட்டச் சொல்வேன்.

காசு அதிகம் கேட்காத வழி: மூட்டையைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் பழைய பலகையோ நாலு செங்கல்மேல் மூங்கிலோ போட்டு வையுங்கள். சுவரை ஒட்ட வேண்டாம், ஒரு சாண் தள்ளி. மழை மாசத்தில் ரெண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள், ரெண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த புண்ணாக்கில் மிச்சம் வந்தால் அடுத்த நாளுக்குச் சேர்க்காமல் தொட்டியைக் கழுவுங்கள். பெண்டோனைட் களிமண் சேர்ந்த நச்சுப்பிடிப்பான் தூள் மருந்துக்கடையில் கிடைக்கிறது. கொஞ்சம் உதவும், பூசணத்தைப் போட அது லைசென்ஸ் இல்லை. தட்டிவிட்டுப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். விஷம் உள்ளே இருக்கும், வெளியே தெரிவது அதன் தாடி மாதிரி.

வடவள்ளி வாசி | புதன், காலை 8.00

பட்டிக்காரர் அண்ணா எழுதியதைப் படித்ததும், தண்ணி கலக்கிறாரா என்று லாக்டோமீட்டரை ஒளித்து ஒளித்து வைத்தது நினைவுக்கு வந்தது.

டாக்டர், இன்னொரு சந்தேகம். போன மாசம் ரெண்டு நாள் தயிரே உறையவில்லை. அதே உறைமோர், அதே பாத்திரம். பால் மாதிரியே கிடந்தது. அதுவும் இதனாலா?

மாட்டு டாக்டர் | புதன், காலை 9.10

இல்லை, ஆனால் கேட்டது நல்லது. மார்கழிக் குளிராக இருந்தாலோ உறைமோர் பழசாக இருந்தாலோ உறையாது. இரண்டும் இல்லையென்றால் ஆன்டிபயாடிக் சந்தேகம். மாட்டுக்கு மடி நோய் வந்து காம்பில் மருந்து ஏற்றினால் அது பாலில் வரும். தயிர் உறைய வைக்கும் நல்ல கிருமியும் அதில் செத்துவிடும். மருந்து உறையிலேயே இத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று போட்டிருக்கும். பெரும்பாலும் மூன்று நாள், சிலதுக்கு அதற்கும் மேல். அந்தப் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. நாங்களும் எல்லா நேரமும் சொல்வதில்லை.

அந்த 2018 ஆய்வில் இப்படி மருந்து மிச்சம் வரம்பு மீறியது 77 மாதிரிகளில். அந்தப் பாலைக் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. மருந்துக்குக் கிருமிகள் பழகிவிட்டால், நாளைக்கு நமக்கு நிமோனியா வரும்போது அந்த மருந்து கேட்காது. கோழிப்பண்ணைகளில் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலந்ததால்தான் 2019-ல் உணவுக்கான கால்நடைகளுக்கு அதை அரசு தடை செய்தது. மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து அது.

பட்டிக்காரன் | புதன், மதியம் 12.30

மறைக்கலைங்க. மடி வீங்குனா அந்த ஒரு காம்புப் பாலைக் கீழே பீச்சிட்டு மீதி மூணு காம்பை ஊத்தறது எல்லாரும் பண்றதுதானுங்க.

மாட்டு டாக்டர் | புதன், மதியம் 12.50

ஒரு காம்பில் ஏற்றினாலும் ரத்தத்தில் கலந்து மற்ற காம்புக்கும் வரும் தம்பி. ஊசியாகப் போட்டால் சொல்லவே வேண்டாம்.

ஆரம்ப வீக்கமாக இருந்தால் ஒரு வழி. மரபு வழி நண்பரே, இது உங்களுக்குப் பிடிக்கும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை, அஞ்சு நாள் பூச வேண்டும். தஞ்சாவூரில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை. தேசியப் பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டது. மருந்து மிச்சத்துக்குப் பயந்து பாலைக் கொட்ட வேண்டியதில்லை. மாட்டுக்குக் காய்ச்சல் வந்து தீனி எடுக்காமல் நின்றால் மட்டும் கற்றாழையோடு உட்கார்ந்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மரபு வழி | புதன், மதியம் 1.30

பத்து தடவை யார் பூசுவது?

தேனிக்காரி | புதன், மதியம் 1.34

பொம்பளைங்கதான். வேற யாரு.

வடவள்ளி வாசி | ஞாயிறு, மாலை 5.10

இன்று பால்காரர் வீட்டுக்கு நேரிலேயே போய் வந்தோம், மகனும் வந்தான். சந்தேகப்பட்டு வந்ததாக நினைத்துவிடுவாரோ என்று பழம் வாங்கிப் போனேன். அவர் சம்சாரம் காப்பி போட்டுக் கொடுத்தார். பாலை மூன்று முறை பொங்கவிட்டுத்தான் இறக்கினார். மகன் வாயைத் திறக்கவில்லை.

தயிர் உறையாத அந்த ரெண்டு நாளும் சிவப்பு மாட்டுக்கு மடி ஊசிதானாம். அவரே சொன்னார். "அம்மா கேட்டிருந்தா அன்னிக்கு ஊத்தியிருக்க மாட்டேன்" என்றார். இனிமேல் அந்த நாட்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுகிறேன், பாலைக் கொட்டிவிடுங்கள் என்று பேசி முடித்திருக்கிறோம். மாசத்துக்கு எவ்வளவு வந்துவிடப் போகிறது? இந்தத் தெருவில் அவரிடம் வாங்கும் இன்னும் ஏழு வீடுகளிலும் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

புண்ணாக்கு மூட்டை தரையில்தான் இருந்தது. மாடி கட்டும்போது மிஞ்சிய சாரப் பலகை எங்கள் வீட்டில் கிடக்கிறது, நாளைக்கு மகன் ஆட்டோவில் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றான். மூட்டையின் அடிப்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பச்சையாகப் பூத்திருந்தது. மாட்டுக்குப் போட வேண்டாம் என்று சொன்னோம். சரி என்று உடனே கேட்டுக்கொண்டவர், "அப்ப ஆட்டுக்குப் போட்டுரட்டுங்களா?" என்றார்.

டாக்டர், அந்த மூட்டையை என்ன செய்யச் சொல்ல?

மாட்டு டாக்டர் | ஞாயிறு, மாலை 6.00

ஆட்டுக்கும் வேண்டாம், கோழிக்கு வேண்டவே வேண்டாம். காட்டோரம் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லுங்கள். தூசி மூக்கில் போகாமல் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டட்டும். பிரித்த மூட்டை எந்தக் கடையில் வாங்கியது?

வடவள்ளி வாசி | ஞாயிறு, மாலை 6.12

கேட்டேன். திருப்பி எடுக்க மாட்டாராம்.